ஆப்பிரிக்காவில் எல்லை தாண்டும் தொலைபேசியும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து நாட்டின் தயவு எதற்கு? ஒவ்வொரு நாடும் தன் கேபிளைத் தானே போட்டுக்கொண்டால் ஆகாதா?

கடற்கரை இருந்தால் ஓரளவுக்கு ஆகும். ஆனால் ஆப்பிரிக்காவில் 16 நாடுகளுக்குக் கடலே கிடையாது. ருவாண்டாவுக்கு இணையம் வர வேண்டுமானால் அது மொம்பாசாவிலோ தார் எஸ் சலாமிலோ கரையேறி, கென்யா, உகாண்டா வழியாகவோ தான்சானியா வழியாகவோ வந்தாக வேண்டும். சாடு நாட்டுக்குக் கேமரூன், நைஜருக்குப் பெனினோ நைஜீரியாவோ. வழியில் உள்ள நாடு கதவைச் சாத்தினால் மிச்சமிருப்பது செயற்கைக்கோள் மட்டும்தான். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடிக் கேபிள் வந்த 2009-க்கு முன், ஒரு மெகாபிட் வேகத்துக்கு மாதம் சில ஆயிரம் டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடற்கரை உள்ள சிறிய நாடுகளின் நிலையும் பெரிதாக வேறுபட்டதல்ல. காம்பியாவோ சியரா லியோனோ தனியாக ஐரோப்பாவுக்குக் கேபிள் போட முடியாது. 2012 டிசம்பரில் செயல்பாட்டுக்கு வந்த ஏஸ் கேபிள் பிரான்சிலிருந்து மேற்குக் கரையோரமாக இறங்குகிறது. திட்டமிட்ட நீளம் 17,000 கி.மீ. காம்பியா, கினி, லைபீரியா, சியரா லியோன், மொரித்தானியா, சாவோ தோமே, எக்குவடோரியல் கினி ஆகிய ஏழு நாடுகளுக்கு அதுதான் முதல் கடலடிக் கேபிள். முதன்மைக் கேபிளின் செலவைப் பலரும் பகிர்ந்துகொண்டதால், தன் கரைக்கு வரும் கிளையும் ஒரு பங்கும் என்ற அளவில் சிறிய நாடுகளுக்குக் கட்டுப்படியானது.

பக்கத்து ஊருக்குப் பேச ஐரோப்பா வழியாகப் போக வேண்டியிருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காலனி ஆட்சிக்காலத்து இணைப்புகள் எல்லாம் லண்டன், பாரிஸ், லிஸ்பன் நோக்கியே இழுக்கப்பட்டவை. விடுதலைக்குப் பிறகும் அந்த அமைப்பு அப்படியே நீடித்தது. பிரெஞ்சு பேசும் நாட்டிலிருந்து ஆங்கிலம் பேசும் அண்டை நாட்டுக்கு அழைத்தால், பாரிஸ் போய், லண்டன் போய், திரும்பி வரும். அந்தந்த ஊருக்கு அதற்கான கட்டணமும் போகும். உலகத் தொலைத்தொடர்பு வளர்ச்சியை ஆராய்ந்த மைட்லண்ட் ஆணையத்தின் 1984 டிசம்பர் அறிக்கை, டோக்கியோ நகரில் உள்ள தொலைபேசிகள் ஆப்பிரிக்கா முழுவதிலும் உள்ளவற்றைவிட அதிகம் என்று எழுதியது.

பானாஃப்டெல் என்ற பெயரில் நுண்ணலைக் கோபுரங்களால் நாடுகளை நேரடியாக இணைக்கும் திட்டம் 1960-களிலேயே தொடங்கியது. நுண்ணலைப் பாதையில் 40, 50 கி.மீ.க்கு ஒரு கோபுரம் வேண்டும். அதில் ஒன்று நின்றாலும் பாதை முழுதும் செத்துவிடும். எல்லையோரக் கோபுரங்கள் பெரும்பாலும் மின்சாரம் இல்லாத இடங்களில் நின்றன. டீசல் ஊற்றும் செலவு ஒரு நாட்டுக்கு, அழைப்பு வருமானம் இன்னொரு நாட்டுக்கு என்றால் யார் ஊற்றுவார்கள்?

ஆப்பிரிக்காவே சொந்தமாகச் செயற்கைக்கோள் விட்டதே, அது என்ன ஆனது?

ராஸ்காம். 1992-இல் அபிஜானைத் தலைமையிடமாகக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 2007 டிசம்பர் 21-இல் ஏரியான் 5 ராக்கெட்டில் ஏறியது. அமைப்பு பிறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து. சுற்றுப்பாதைக்கு நகரும்போதே எரிபொருள் அழுத்தத்துக்கான ஹீலியம் கசியத் தொடங்கியது. 15 ஆண்டு உழைக்க வேண்டியது சுமார் 2 ஆண்டுக்குச் சுருங்கிவிட்டது. மாற்றுச் செயற்கைக்கோள் 2010 ஆகஸ்டில் ஏவப்பட்டது.

அதற்குள் இரு கரைகளிலும் ஃபைபர் (ஒளியிழை) கேபிள் வந்துவிட்டது. புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் ஒரு கேள்வி போய் விடை வர அரை நொடிக்கு மேல் ஆகும். பேச்சுக்கு அது சகித்துக்கொள்ளும் அளவுதான், இணையத்துக்குத் தாங்காது. ஹீலியம் கசிவு துரதிர்ஷ்டம். பதினைந்து ஆண்டுத் தாமதத்தை அப்படிச் சொல்ல முடியாது: நாற்பது அரசுகளும் தலையாட்ட வேண்டும் என்று வைத்தால், தொழில்நுட்பம் அதுவரை காத்திருக்காது.

மேற்குக் கரைக்கு 2002-லேயே கேபிள் வந்துவிட்டது. பிறகும் ஏன் விலை இறங்கவில்லை?

போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை வந்த சாட்-3 கேபிளைச் சொல்கிறீர்கள். கூட்டாகப் போட்டதுதான், ஆனால் கூட்டாளிகள் அந்தந்த நாட்டின் பழைய தொலைபேசி நிறுவனங்கள். டாகர், அபிஜான், அக்ரா, லாகோஸ் என்று ஒவ்வோர் ஊரிலும் கரையேறும் நிலையம் ஒருவர் கையில். அந்த நாட்டில் வேறு யாருக்கும் அதைத் தொட உரிமை இருக்கவில்லை. நைஜீரியாவில் உள்ள இணைய நிறுவனம் பெனின் நிலையத்தில் விலை குறைவு என்று அங்கே வாங்க நினைத்தாலும் வழியிருக்கவில்லை. கேபிளில் இடம் காலியாகக் கிடந்தது. விலை மட்டும் செயற்கைக்கோளுக்குச் சற்றுக் கீழே நின்றது.

கிழக்குக் கரையில் ஈஸி கேபிளுக்கான பேச்சு 2003-இல் தொடங்கியபோது இந்த அனுபவம் எல்லோர் முன்னாலும் இருந்தது. சண்டையும் அதைப் பற்றியே. பழைய நிறுவனங்கள் சாட்-3 போலவே போடலாம் என்றன. அரசுகளும் உலக வங்கியும் எல்லோருக்கும் ஒரே விதியில் விற்க வேண்டும் என்றன. இழுபறி நீண்டதால் பொறுமையிழந்த கென்யா, மொம்பாசாவிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா வரை டீம்ஸ் என்ற தனிக் கேபிளைப் போட்டுக்கொண்டது. தனியார் முதலீட்டில் வந்த சீகாம் 2009 ஜூலையில் முதலில் ஓடத் தொடங்கியது. ஈஸி 2010-இல் வந்தது: போர்ட் சூடானிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ம்டுன்சினி வரை சுமார் 10,000 கி.மீ., ஒன்பது நாடுகளில் கரையேறுகிறது.

விலை உண்மையில் விழுந்தது ஓராண்டு இடைவெளியில் மூன்று கேபிள்கள் போட்டி போட்டு வந்ததால்தான். அந்த வகையில் கென்யாவின் கோபம் எல்லோருக்கும் நன்மை செய்தது.

‘எல்லோருக்கும் திறந்த கேபிள்’ என்பதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுகிறார்கள்?

ஈஸியில் செய்தது இது. சிறிய ஆபரேட்டர்கள் (தொலைபேசி, இணைய நிறுவனங்கள்) ஒவ்வொருவரும் தனித்தனியே பங்கு வாங்க முடியாது. அவர்கள் சேர்ந்து வயோக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வளர்ச்சி வங்கிகள் அதற்குக் கடன் கொடுத்தன. கடனோடு வந்த நிபந்தனை, உரிமம் பெற்ற எந்த ஆபரேட்டர் கேட்டாலும், பங்குதாரர் அல்லாதவர் என்று பார்க்காமல், பாகுபாடற்ற விலையில் விற்க வேண்டும் என்பது. வெறும் கொள்கை அறிவிப்பாக இருந்திருந்தால் ஓராண்டில் மறந்திருப்பார்கள். கடன் பத்திரத்தில் இருந்ததால் மறக்க முடியவில்லை.

இப்படி ஓர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது நான்கு இடங்களைத் தேடுங்கள். கரையேறும் நிலையத்தில் மற்றவர் தம் கருவிகளை வைக்க இடமும் அதற்கான வாடகையும் எழுதப்பட்டுள்ளதா? நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் ஃபைபர் யாருடையது? கேபிள் திறந்திருந்து, அந்தக் கடைசி 20 கி.மீ. மூடியிருந்தால் பயனில்லை. குறைந்தபட்சம் எவ்வளவு வாங்க வேண்டும்? அந்த அளவைப் பெரிதாக வைத்தே சின்னவர்களை விலக்கிவிடலாம். கடைசியாக, கேட்ட நாளிலிருந்து எத்தனை நாளில் இணைப்புத் தர வேண்டும் என்ற கெடு. கெடு இல்லாத ஒப்பந்தத்தில் ‘முடியாது’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், ‘பார்க்கிறோம்’ என்பார்கள்.

நிலத்தில் எல்லை தாண்டி ஃபைபர் இழுப்பது எப்படி நடக்கிறது? எங்கே சிக்குகிறது?

பள்ளம் தோண்டுவது எளிய பகுதி. வழக்கமான முறையில் 1.2 மீட்டர் ஆழம், 40 மி.மீ. பிளாஸ்டிக் குழாய், ஒன்று போடும் இடத்தில் இரண்டு, மூன்று குழாய் போட்டு வைப்பது புத்திசாலித்தனம், ஏனென்றால் செலவில் பெரும்பங்கு தோண்டுவதுதான். குழாய்க்கு மேல் ஒரு முழ உயரத்தில் எச்சரிக்கை நாடா. கேபிளைத் திறந்து பார்க்கவும் ஒட்டவும் சுமார் ஒரு கி.மீ.க்கு ஒரு நிலத்தடித் தொட்டி. கேபிள் உருளை ஒன்றில் பெரும்பாலும் 4 கி.மீ. வரும்.

பிறகு கணக்கு. 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு கி.மீ.க்கு 0.2 டெசிபெல் (ஒளி வலு குறைவதை அளக்கும் அலகு) இழப்பு. 100 கி.மீ. தூரத்துக்கு 20. நான்கு கி.மீ.க்கு ஒரு ஒட்டு என்றால் 24 ஒட்டுகள், ஒன்றுக்கு 0.1 என்று தாராளமாக வைத்தால் 2.4. இரு முனை இணைப்பான்கள் 1. பின்னாளில் அறுந்து ஒட்டப்போவதற்காக 3 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 26.4 டெசிபெல். இவ்வளவு மங்கிய ஒளியைப் பெருக்காமல் மேலும் அனுப்ப முடியாது, அதனால்தான் 80 முதல் 100 கி.மீ.க்குள் ஓர் ஒளிபெருக்கி நிலையம் வைக்கிறார்கள். அந்த நிலையம் எல்லையின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் அரசியல் தொடங்குகிறது: அதற்கு மின்சாரம், காவல், டீசல் யார் பொறுப்பு?

எல்லையில் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. முதலில் இரு நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையங்களும் சர்வதேச இணைப்பு உரிமம் தர வேண்டும். ஒரு நாடு தந்து மறுநாடு தராமல், கேபிள் சுங்கச்சாவடிக்கு 200 மீட்டர் முன்னால் முடிந்து கிடப்பது புதிதல்ல. அடுத்தது இரு நாட்டுக் கேபிள்களையும் ஒட்டும் சந்திப்புத் தொட்டி. இரு நாட்டுச் சாவடிகளுக்கு நடுவே உள்ள நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது போலக் கிடக்கும். அங்கே தொட்டி கட்டினால் பிறகு அதைத் திறக்க இரண்டு காவல் படைகளின் அனுமதி வேண்டும். ஒரு பக்கச் சாவடியின் வளாகத்துக்குள் கட்டி, மறுநாட்டுப் பணியாளருக்கு நிரந்தர அனுமதிச் சீட்டு கொடுப்பது நல்ல வழி. எல்லை ஆறாக இருந்தால் பாலத்தின் பக்கவாட்டில் இரும்புக் குழாயைத் தாங்கிகளில் பொருத்துவார்கள். பாலம் வெயிலில் நீளும் என்பதால் அதன் இணைப்பிடங்களில் குழாய்க்கும் விரிவுத் துண்டு வேண்டும். விட்டுவிட்டால் குழாய் பிரிந்து கேபிள் இழுபடும்.

ஃபைபர் வகையை முன்கூட்டியே ஒரே தரமாக, பெரும்பாலும் ஜி.652டி என்று, எழுதிக்கொள்ள வேண்டும். ஒட்டியபின் இரு முனையிலிருந்தும் ஓ.டி.டி.ஆர். (ஒளித்துடிப்பு அனுப்பி இழப்பை அளக்கும்) கருவியால் அளந்து இரு நாட்டவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்தால் ஒட்டின் இழப்பு தவறாகத் தெரியும். பின்னாளில் பழுது வந்தால் ‘உங்கள் பக்கம்தான்’ என்ற வாக்குவாதத்தைத் தீர்ப்பது அந்தத் தாள்தான்.

அறுப்பது யார் என்றால் பெரும்பாலும் திருடர் அல்ல, சாலை அகலப்படுத்தும் ஒப்பந்தக்காரர். செம்பு என்று நினைத்துத் தோண்டுகிறவர்களும் உண்டு.

மின்கம்பி வழியாகவும் எண்ணெய்க் குழாய் வழியாகவும் கொண்டுபோனதாகப் படித்தோமே?

ஆம், நிலத்து வழிகளில் மலிவானவை அவைதாம். மாலியில் உள்ள மனந்தாலி அணையின் மின்சாரத்தை மாலி, செனகல், மொரித்தானியா மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. உயர் அழுத்தக் கோபுரங்களின் உச்சியில் இடிதாங்கிக் கம்பி ஒன்று எப்படியும் போக வேண்டும். அதன் உள்ளேயே ஃபைபர் வைத்து இழுத்துவிட்டார்கள். மின் வாரியத்துக்கு வேண்டியது சில இழைகள், மற்றவை வாடகைக்கு. சாடில் டோபா எண்ணெய் வயலிலிருந்து கேமரூனின் கிரிபி துறைமுகம் வரை 1,070 கி.மீ. எண்ணெய்க் குழாய், அதனோடு போன ஃபைபர்தான் சாடைக் கடலடிக் கேபிளோடு சேர்த்தது.

இரண்டிலும் நில உரிமை, எல்லை அனுமதி எல்லாம் முன்பே தீர்ந்திருந்தன என்பதே ரகசியம். குறை என்னவென்றால், மின் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்க மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கலாம். மின்சாரத் துறைக்கு இணையம் இரண்டாம் வேலை. அவர்கள் வசதிப்படிதான் நடக்கும்.

இணையப் பரிமாற்ற நிலையம் என்பது என்ன? அதற்குப் பெரிய முதலீடு வேண்டுமா?

ஓர் அறை, வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஒரு ஈதர்நெட் ஸ்விட்ச். மிகைப்படுத்தவில்லை. ஊரில் உள்ள இணைய நிறுவனங்கள் தங்கள் ரவுட்டர்களை அந்த ஸ்விட்சில் செருகி, ஒருவர் வாடிக்கையாளருக்கு மற்றவர் வாடிக்கையாளர் அனுப்புவதை அங்கேயே கைமாற்றிக்கொள்கிறார்கள். இது இல்லாவிட்டால் நைரோபியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அனுப்பும் மின்னஞ்சல் அமெரிக்கா போய் வரும். போகவும் வரவும் டாலரில் பணம்.

காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரையில் இருக்கும் இரு நாட்டுத் தலைநகரங்களான கின்ஷாசாவையும் பிராஸவில்லையும், நேரடி இணைப்பின்றி ஐரோப்பா வழியாகப் பேசுவதாக, எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்கு ஒரு வழிக்கு 9,000 கி.மீ. என்று வைத்தால், செய்தி போய்த் திரும்பி இறங்க 18,000. பதிலுக்கு மறுபடி 18,000. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிநொடிக்கு 200 கி.மீ. ஓடும். ஆக 180 மில்லிநொடி, கருவிகளின் தாமதம் சேர்க்காமல். நேரே ஆற்றைக் கடந்தால் ஒரு மில்லிநொடிகூட ஆகாது.

தொடங்கத் தேவையானவை: 24 அல்லது 48 வாயில் கொண்ட ஒரு ஸ்விட்ச், முடிந்தால் உதிரியாக இன்னொன்று, வழிகாட்டித் தகவல் பரிமாறும் இரு சிறிய சர்வர்கள், யு.பி.எஸ்., ஜெனரேட்டர், குளிர்சாதனம். சேரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் பெயரில் ஏ.எஸ். எண் (இணையத்தில் ஒரு வலையமைப்பின் அடையாள எண்) வேண்டும், ஆப்பிரிக்காவில் அதை வழங்குவது மொரிஷியஸில் உள்ள ஆஃப்ரினிக். பி.ஜி.பி. (வலையமைப்புகள் தமக்குள் வழித்தகவல் பரிமாறும் முறை) தெரிந்த பொறியாளர் இருவர் போதும்.

சிக்கல் கருவியில் வருவதில்லை. கென்யாவின் நிலையம் 2000 நவம்பரில் திறந்தது. சர்வதேசப் போக்குவரத்தில் ஏகபோக உரிமை வைத்திருந்த டெல்காம் கென்யா, இது தன் உரிமையை மீறுகிறது என்று புகார் செய்ய, ஒரு மாதத்துக்குள் மூடப்பட்டது. உள்ளூர்ச் செய்தி உள்ளூரில் மாறுவது சர்வதேசப் போக்குவரத்தே அல்ல என்று புரியவைத்துத் திறக்க 2002 பிப்ரவரி ஆயிற்று. 2020 வாக்கில் கென்யா, நைஜீரியா இரண்டிலும் இணையப் போக்குவரத்தில் சுமார் 70 சதவீதம் உள்நாட்டிலேயே கைமாறியதாக இன்டர்நெட் சொசைட்டி கணக்கிட்டது. 2012-இல் அது 30 சதவீதம்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆக்ஸிஸ் திட்டம் இந்த அனுபவத்தைப் பிற நாடுகளுக்குக் கொண்டுபோனது. நிலையம் திறந்தும் காற்று வாங்கும் இடங்களில் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பெரிய ஆபரேட்டர் சேர மறுக்கிறார், அல்லது நிலையம் போட்டியாளர் ஒருவரின் கட்டடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் போன்ற நடுநிலை இடத்தில் வைப்பதும், வீடியோ நிறுவனங்களின் சேமிப்பு சர்வர்களை முதல் ஆண்டிலேயே கொண்டுவருவதும் இதற்கு மருந்து. வீடியோ அங்கே இருந்தால் பெரியவர்கள் தாமாக வருவார்கள்.

ரோமிங் கட்டணத்தை எப்படிக் குறைத்தார்கள்?

முதலில் செய்தது ஒரு தனியார் நிறுவனம். 2006 செப்டம்பரில் செல்டெல், கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றிலும் தன் சிம்மை உள்ளூர்க் கட்டணத்தில் பயன்படுத்தலாம் என்றது. வந்த அழைப்புக்குக் காசில்லை. மூன்றிலும் சொந்த வலையமைப்பு இருந்ததால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அரசுகள் வந்தது 2014 அக்டோபரில். கென்யா, உகாண்டா, ருவாண்டா, தென் சூடான் சேர்ந்து ‘ஒரே வலையமைப்புப் பகுதி’ என்று அறிவித்தன. கென்யாவும் ருவாண்டாவும் முதலில் தொடங்கின. அதில் இருந்தவை சில வரிகள்தாம்: ஒரு நிமிட அழைப்புக்கு வாடிக்கையாளரிடம் 10 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, ஆபரேட்டர்கள் தமக்குள் 7 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, ரோமிங்கில் இருக்கும்போது அழைப்பு வந்தால் கட்டணம் இல்லை, இந்த நாடுகளுக்குள் நடக்கும் அழைப்புக்குச் சர்வதேச அழைப்பு வரி இல்லை. நான்காவதுதான் உயிர். அதைக் கீழே பார்க்கலாம்.

மேற்கே, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ் 2017 டிசம்பரில் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ரோமிங் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வந்தது கானாவும் ஐவரி கோஸ்டும், கானாவும் டோகோவும் என்று இரண்டிரண்டாகப் பேசித் தீர்த்த இடங்களில்தான்.

இரு ஆபரேட்டர்களுக்கிடையே வேலை இப்படிப் போகும். ரோமிங் ஒப்பந்தம், பிறகு ஒவ்வொருவரும் தம் வலையமைப்பின் எண் வரிசைகள், முகவரிகள் அடங்கிய ஐ.ஆர்.21 படிவத்தை மாற்றிக்கொள்வது; சோதனை சிம்களைக் கூரியரில் அனுப்பி அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா மூன்றும் ஓடுகிறதா என்று பார்ப்பது; சோதனை அழைப்புகளின் பில் கோப்பு சரியான தொகையோடு வருகிறதா என்று பார்ப்பது; பிறகு திறப்பு. அடிக்கடி தவறுவது ஐ.ஆர்.21: ஆபரேட்டர் புது எண் வரிசை சேர்த்துவிட்டுப் படிவத்தைப் புதுப்பிக்க மறந்துவிடுவார், அந்த வரிசையில் உள்ள சிம் மட்டும் எல்லை தாண்டியதும் ஊமையாகும். இன்னொன்று அந்நியச் செலாவணி. கட்டணம் குறைந்து கணக்கும் தீர்ந்திருந்தாலும், மத்திய வங்கியில் டாலர் இல்லாமல் பாக்கி ஆறு மாதம் நின்றால் எதிர்த்தரப்பு இணைப்பை அணைத்துவிடும்.

வரி என்றீர்களே, அது எப்படி அண்டை நாட்டு அழைப்பைக் கெடுக்கிறது?

வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்து, அதில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் பரவியது. கானாவில் 2010 வாக்கில் நிமிடத்துக்கு 19 சென்ட், அதில் 6 சென்ட் அரசுக்கு. ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் தலையில் விழுகிறது என்று நினைத்துப் போட்ட வரி. ஆனால் டோகோவிலிருந்து எல்லை தாண்டிக் காய்கறி விற்பவர் அழைத்தாலும் அதே 19 சென்ட். அடக்கவிலை 19 என்றால் சில்லறை விலை எப்படி 10 ஆகும்?

இது வளர்த்துவிட்டது சிம் பாக்ஸ். ஒரு பெட்டியில் பத்து, முப்பது உள்ளூர் சிம்களைச் செருகி, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியே உள்ளே கொண்டுவந்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுகிறார்கள். அரசு வரியை இழக்கும், ஆபரேட்டர் வருமானத்தை இழப்பார், பேசுபவருக்குக் குரலும் கரகரக்கும். கண்டுபிடிக்க ஓர் அடையாளம்: ஒரே டவரை விட்டு நகராத சிம், நாளெல்லாம் வெளியே அழைக்கிறது, ஒரு அழைப்பும் உள்ளே வருவதில்லை. பிடித்துக்கொண்டே இருக்கலாம். விலை இடைவெளி இருக்கும்வரை பெட்டியும் இருக்கும்.

எல்லையோரத்தில் என் போன் தானாகப் பக்கத்து நாட்டு சிக்னலைப் பிடிக்கிறதே?

வானொலி அலைக்குப் பாஸ்போர்ட் தெரியாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை சமவெளியில் பத்துப் பதினைந்து கி.மீ. போகும். இரு நாடுகளும் எல்லைக்கோட்டில் சிக்னல் வலிமைக்கு ஒரு வரம்பு வைத்து, ஒரே அலைவரிசையின் கூறுகளை முன்னுரிமைப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதற்கான பொதுவான கணக்கு முறையை ஆப்பிரிக்காவுக்கென்று ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. உதவியோடு வகுத்தார்கள். நடைமுறையில் ஆண்டெனாவை இரண்டு பாகை கீழே சாய்ப்பதும், திசையைத் திருப்புவதும்தான் தீர்வு. நீங்கள் செய்யக்கூடியது: போனில் ‘தானியங்கித் தேர்வு’ என்பதை அணைத்துவிட்டு உங்கள் ஆபரேட்டரைக் கையால் தேர்ந்தெடுப்பது.

கடலடிக் கேபிள் அறுந்தால் என்ன நடக்கும்?

மாற்று வழி எத்தனை என்பதைப் பொறுத்தது. 2018 மார்ச் 30-இல் ஏஸ் கேபிள் மொரித்தானியா அருகே அறுந்தது. அந்த நாட்டுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். சுமார் இரண்டு நாள் நாடே இணையமின்றிக் கிடந்தது. 2024 மார்ச் 14-இல் அபிஜான் அருகே கடலடி நிலம் சரிந்து வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3 ஆகிய நான்கு கேபிள்களும் ஒன்றாகப் போயின. நான்கு கேபிள் இருந்தும், நான்கும் ஒரே பள்ளத்தாக்கைக் கடந்தால் அது ஒரு கேபிள்தான். அபிஜானில் கரையேறாத எக்குவியானோ கேபிள் தப்பி, பலரையும் தாங்கியது.

பழுதுபார்க்கும் கப்பல் அருகில் இருப்பதில்லை. மேற்கு, தெற்குக் கடல்களுக்கு வழக்கமாக வருவது கேப் டவுனில் நிற்கும் லியோன் தெவெனின். உதிரிக் கேபிளை ஏற்றி, அறுந்த இடம் போய், கொக்கியால் இரு முனையையும் தூக்கி, நடுவில் துண்டு ஒட்டி, திரும்ப இறக்க வேண்டும். வானிலை சரியாக இருந்தால் ஒட்டும் வேலை சில நாள். மற்றதெல்லாம் பயணமும் அனுமதியும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் ரூபிமார் கப்பலின் நங்கூரம் இழுத்து அறுந்த கேபிள்களுக்கு ஏமன் கடலில் அனுமதி பெறவே மாதக்கணக்கில் ஆயிற்று.

ஆகவே ஒத்துழைப்பு வேண்டிய இடம் இரண்டு. கப்பலுக்கு முன்கூட்டியே தரப்படும் நிரந்தர அனுமதி. அண்டை நாட்டின் வேறு கேபிளுக்கு நிலவழி இணைப்பு. அதில் கொள்ளளவைக் கேபிள் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்திருக்க வேண்டும். அறுந்த அன்று போய்க் கேட்டால் விலை வேறு.

தொலைக் கிராமத்தில் டவர் நிறுத்த என்ன வேண்டும்?

மின்சாரம். ஒரு கிலோவாட் எடுக்கும் சிறிய நிலையம் நாளைக்கு 24 யூனிட் செலவழிக்கும். நல்ல வெயில் ஐந்து மணி நேரம், இழப்புப் போக 70 சதவீதம் கிடைக்கிறது என்றால் சுமார் 7 கிலோவாட் சூரியத் தகடு தேவை. வெயில் போதாத 14 மணி நேரத்துக்கு 14 யூனிட். 48 வோல்ட் அமைப்பில் ஏறத்தாழ 290 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 600 வாங்க வேண்டும். மேகமூட்டமான நாளுக்கு இன்னும் கொஞ்சம். இதைச் சுருக்கிக் கணக்குப் போட்டவர்களின் பேட்டரி இரண்டாம் ஆண்டே சாகிறது. அல்லது அதற்கு முன் திருடு போகிறது.

இங்கும் எல்லை குறுக்கிடும். ஒரு நாட்டில் சோதித்து ஏற்ற கருவியை அடுத்த நாட்டில் மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். கட்டணமும் இரண்டு, மாதங்களும் இரண்டு மடங்கு. ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்றுக்கொள்ளச் செலவே இல்லை. செலவில்லாத சீர்திருத்தம்தான் ஏனோ கடைசியில் நடக்கிறது.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. இனி இதெல்லாம் தேவையா?

இந்தச் செயற்கைக்கோள் இணையச் சேவை ஆப்பிரிக்காவில் 2023 ஜனவரியில் நைஜீரியாவில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் உள்ளது. தாழ்ந்த சுற்றுப்பாதை என்பதால் தாமதப் பிரச்சினை இல்லை. டவர் எட்டாத பள்ளிக்கும் சுரங்கத்துக்கும் நல்லது. நெருக்கமான நகரத்தில் எல்லோருக்கும் போதாது. உரிமம் இதற்கும் நாட்டுக்கு நாடு தனி. ஒரு நாட்டில் வாங்கிய தட்டு ஆண்டெனாவை உரிமமில்லாத நாட்டில் வைத்தால் பறிமுதல் செய்யலாம்.

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு, தமிழர் தொடர்போடு. 2004 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகளை ஃபைபராலும் செயற்கைக்கோளாலும் இணைத்து இந்தியப் பல்கலைக்கழகங்களோடும் மருத்துவமனைகளோடும் சேர்க்கும் திட்டத்தை முன்வைத்தார். 2009 பிப்ரவரி 26-இல் அது தொடங்கப்பட்டது. செனகலின் டாகரில் மைய நிலையம். அங்கிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் செயற்கைக்கோள் வழி. பாடம் நடத்தியவற்றில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. முதற்கட்டம் முடிந்தபின் 2019-இல் இ-வித்யாபாரதி, இ-ஆரோக்யபாரதி என்ற பெயர்களில் இணையவழித் திட்டமாக மாறியது. தனிச் செயற்கைக்கோள் முனையம் தேவைப்படாத அளவுக்கு அதற்குள் ஃபைபர் பரவியிருந்தது.

எந்த அமைப்பிடம் எதற்குப் போவது?

அலைவரிசை விஷயத்தில் கண்டத்தின் ஒரே குரல் நைரோபியில் உள்ள ஆப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1977-இல் அடிஸ் அபாபாவில் பிறந்தது. ஒழுங்குமுறை ஆணையங்களின் வட்டாரச் சங்கங்கள்: கிழக்கே கிகாலியில் ஈகோ, மேற்கே அபுஜாவில் வாட்ரா, தெற்கே கிராசா. ரோமிங் புகாரை முதலில் உங்கள் நாட்டு ஆணையத்திடம்தான் தர வேண்டும். வட்டாரச் சங்கம் நேரடியாகத் தனிநபர் புகார் வாங்காது. 2013-இல் கிகாலியில் தொடங்கிய ஸ்மார்ட் ஆப்பிரிக்கா அரசுத் தலைவர்கள் மட்டத்தில் இயங்குவது. அமைச்சர்கள் இழுத்தடிக்கும் கோப்பை நகர்த்த உதவும்.

இவ்வளவு கேபிள் வந்தும் ஏன் பாதிப் பேர்கூட இணையத்தில் இல்லை?

ஐ.டி.யு. கணக்கில் 2024-இல் ஆப்பிரிக்காவில் இணையம் பயன்படுத்தியவர்கள் 38 சதவீதம். உலகச் சராசரி 68. சிக்னல் எட்டாத இடத்தில் இருப்பவர்களைவிட, சிக்னல் இருந்தும் பயன்படுத்தாதவர்கள் பல மடங்கு. போன் விலை, டேட்டா விலை, தன் மொழியில் படிக்க ஒன்றுமில்லாமை, வீட்டில் சார்ஜ் போட மின்சாரம் இல்லாமை. கேபிளால் இதில் தீர்வது டேட்டா விலை மட்டும், அதிலும் ஒரு பகுதி. போன் விலையைக் கையாள இறக்குமதி வரியைத் தொட வேண்டும். ஒரு நாடு மட்டும் குறைத்தால் அந்த நாட்டிலிருந்து அண்டை நாட்டுக்குக் கடத்தல் நடக்கும். அதனால் சுங்க ஒன்றியமாக இருக்கும் நாடுகள் ஒன்றாகவே குறைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு தொலைத்தொடர்பு அமைச்சகத்தில் நடப்பதில்லை, நிதி அமைச்சகத்தில் நடக்கிறது.